புதிதாகப் பூட்டிய கணினி உயிர் பெறவில்லை: வீட்டில் பார்ப்பதா, கடைக்குக் கொண்டுபோவதா, விற்றவருக்கே அனுப்புவதா?

பாகம் பாகமாக வாங்கி, ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து பூட்டிய கணினி. பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. அல்லது விசிறி மூன்று வினாடி சுற்றிவிட்டு நிற்கிறது. அல்லது எல்லா விளக்கும் எரிகிறது, திரை மட்டும் இருட்டு. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானிலிருந்தும் (குடியிருப்பு) பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் இப்படிப்பட்ட கணினியை மோட்டாரில் முன்னால் வைத்துக்கொண்டு பிள்ளைகள் என்னிடம் வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. நான் கணினிக் கடைக்காரன் அல்ல, செம்பனை ஆலையில் வயர்மேன். என் கணினியை நானே பூட்டி, பிறகு உறவுக்காரப் பிள்ளைகளுக்குப் பூட்டிக் கொடுத்து, அப்படியே பழகிய கை.

வருகிறவர்கள் பெரும்பாலும் "என்ன கோளாறு?" என்று கேட்பதில்லை. "அண்ணே, இதை வீட்டிலேயே நோண்டிப் பார்க்கட்டுமா, பட்டணத்துக் கடையில் கொடுக்கட்டுமா, வாங்கின இடத்துக்கே அனுப்பிவிடட்டுமா?" என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2025இல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. ஓரளவு நல்ல கணினியின் விலை அதைவிடக் கூடுதல். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் மேசைமேல் அசையாமல் கிடக்கும்போது அடுத்த அடியை யோசித்துத்தான் வைக்க வேண்டும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

பலர் இதைத் தைரியத்தைப் பொறுத்த விஷயமாக எடுத்துக்கொள்கிறார்கள். தெரிந்தவன் வீட்டில் பார்ப்பான், தெரியாதவன் கடைக்குப் போவான் என்று. என் அனுபவத்தில் அது பாதிதான் சரி. கோளாறு கண்டுபிடிப்பது என்றால் பெரும்பாலும் ஒரு பாகத்தைக் கழற்றிவிட்டு, ஓடும் என்று உறுதியாகத் தெரிந்த இன்னொன்றைப் போட்டுப் பார்ப்பதுதான். ரேம்மேல் (தற்காலிக நினைவகம்) சந்தேகம் வந்தால் இன்னொரு ரேம் வேண்டும். பவர் சப்ளைமேல் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) சந்தேகம் வந்தால் இன்னொரு பவர் சப்ளை வேண்டும். லயன் வீட்டில் இருந்து முதல் கணினியைப் பூட்டும் பிள்ளைக்கு அந்த ஒரு ரேம்தான், அந்த ஒரு பவர் சப்ளைதான். எவ்வளவு படித்திருந்தாலும் அங்கே வந்து முட்டிக்கொள்ளும். கடைக்காரருக்கு நாம் கொடுக்கும் கூலியில் பெரும்பங்கு அவர் அலமாரியில் கிடக்கும் மாற்றுப் பாகங்களுக்குத்தான். ஆகவே முதல் கேள்வி: மாற்றிப் பார்க்க உங்கள் கையில் பாகம் உண்டா, அல்லது ஒரு நாளைக்கு இரவல் கிடைக்குமா?

இரண்டாவது கேள்வி, திருப்பிக் கொடுக்க இன்னும் எத்தனை நாள் இருக்கிறது? ஆன்லைனில் வாங்கிய பொருளுக்குத் திருப்பி அனுப்பும் கெடு ஒன்று உண்டு. அது வாரண்டியிலிருந்து வேறு. கெடுவுக்குள் அனுப்பினால் பணமோ புதுப் பொருளோ கிடைக்கும். கெடு தாண்டினால் வாரண்டி வழியாகத்தான் போக வேண்டும், அதில் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். மூன்று வாரம் நண்பர்களிடம் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, கெடு முடிந்த மறுநாள் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

மூன்றாவது, கணினி எந்தக் கட்டம்வரை உயிரோடு வருகிறது என்பது. இதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். நான்காவது, முழுச் செலவு: கூலி மட்டும் இல்லை, எண்ணெய், டோல், ஒரு நாள் சம்பளம், கூரியர் எல்லாம் சேர்த்து. ஐந்தாவது, எதைச் செய்தால் வாரண்டி போகும் என்பது. அப்புறம், கணினி என்றைக்குத் தேவை என்பதையும் மறக்கக் கூடாது. அடுத்த திங்கள் அசைன்மெண்ட் கொடுக்க வேண்டிய பிள்ளைக்கும், விடுமுறையில் விளையாடப் பூட்டிய பிள்ளைக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

## வீட்டிலேயே பார்ப்பது

எந்த வழியை எடுத்தாலும் முதல் ஒரு மணி நேரம் வீட்டில் பாருங்கள். என்னிடம் வந்தவற்றில் பாதிக்கு மேல் பாகம் கெட்டதல்ல, பூட்டியதில் வந்த பிசகு. அதைக் கண்டுபிடிக்க மாற்றுப் பாகம் தேவையில்லை. எதைத் தேடுவது என்பது கணினி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

பொத்தானை அழுத்தினால் அசைவே இல்லை. பவர் சப்ளையின் பின்னால் சின்ன சுவிட்ச் இருக்கிறதா, அது போட்டிருக்கிறதா? சுவர் பிளக்கில் வேறு ஒரு சாமானைச் செருகிப் பாருங்கள். நம் ஊர் மூன்று பின் பிளக்குக்குள் ஃபியூஸ் ஒன்று உண்டு, அதையும் பாருங்கள். பிறகு மதர்போர்டின் (எல்லாப் பாகமும் மாட்டும் பெரிய பலகை) 24 பின் கேபிளை எடுத்து மறுபடி அழுத்திப் போடுங்கள். கொக்கி 'டக்' என்று மாட்ட வேண்டும், பாதி உட்கார்ந்தால் போதாது. அடுத்து கேசிங்கின் (கணினியின் வெளிப்பெட்டி) பொத்தானிலிருந்து வரும் இரண்டு மெல்லிய ஒயர். அதை மதர்போர்டில் ஒரு பின் தள்ளி மாட்டியிருந்தால் கணினி செத்த மாதிரிதான் கிடக்கும். மதர்போர்டுப் புத்தகத்தில் படம் இருக்கும். சந்தேகம் என்றால் ஒயரைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்னையும் திருப்புளி முனையால் ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள். ஓடினால் பொத்தானிலோ அதன் ஒயரிலோதான் கோளாறு.

அப்படியும் அசையவில்லையா? பவர் சப்ளையை மதர்போர்டிலிருந்து முழுக்கக் கழற்றி, ஒரு விசிறியை மட்டும் அதில் மாட்டி, 24 பின் முனையில் பச்சை ஒயரையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டு சுவிட்ச் போட்டால் விசிறி சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் பவர் சப்ளை கெட்டுவிட்டது என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம். சுற்றினால் நல்லது என்று அடித்துச் சொல்ல முடியாது. சுமை ஏறும்போது விழும் பவர் சப்ளையும் உண்டு. எல்லா ஒயரும் கறுப்பாக இருந்து எது எது என்று புரியவில்லை என்றால் இந்தச் சோதனையை விட்டுவிடுங்கள். எந்த நிலையிலும் பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். வயர்மேனாக இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

வயரிங் பற்றி இன்னும் ஒன்று. பழைய லயன் வீடுகள் சிலவற்றில் பிளக்குக்கு மூன்று ஓட்டை இருக்கும், எர்த் ஒயர் இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் கணினியின் இரும்பைத் தொட்டால் 'சுர்' என்று கை கூசும். பவர் சப்ளையின் வடிகட்டிகள் எர்த்துக்கு அனுப்ப வேண்டிய சிறு கசிவு போக வழியில்லாமல் கேசிங்கில் நிற்பதால் வருவது அது. கணினி கெட்டது என்று அர்த்தமில்லை, ஆனால் அப்படியே ஓட்டக் கூடாது, முதலில் வயரிங்கைச் சரிசெய்யுங்கள். சுவிட்ச் போட்டதும் வீட்டு இஎல்சிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால், மற்ற சாமான்களைப் பிடுங்கிவிட்டுக் கணினியை மட்டும் போட்டுப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் பவர் சப்ளையைத் திருப்பி அனுப்பும் பக்கம் போங்கள். மலிவான சில பவர் சப்ளைகளின் பின்னால் 115, 230 என்று ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கும். நம் நாட்டுக்கு அது 230இல்தான் இருக்க வேண்டும். 115இல் வைத்துப் போட்டால் வெடிச் சத்தம்தான் கேட்கும்.

சுற்றி நிற்கிறது, அல்லது நின்று நின்று மறுபடி சுற்றுகிறது. என் அக்காள் மகன் பூட்டியது இப்படித்தான் இரண்டு நாள் எங்களை அலைக்கழித்தது. கடைசியில் கேசிங்கில் மதர்போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்களில் ஒன்று கூடுதலாக இருந்தது. போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் அது முட்டி ஷார்ட் ஆகியிருந்தது. அன்றிலிருந்து நான் முதலில் செய்வது இதுதான்: போர்டைக் கேசிங்கிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின்மேல் வைத்து, சிபியு (கணினியின் மூளையான சில்லு), அதன் குளிர்விப்பான், ஒரே ஒரு ரேம், பவர் சப்ளை, இவ்வளவு மட்டும் மாட்டி ஓட்டிப் பார்ப்பது. வெளியே ஓடினால் கோளாறு கேசிங்கில் அல்லது விட்டுவைத்த பாகத்தில். சிபியுக்குப் போகும் 8 பின் கேபிளையும் பாருங்கள். போர்டின் மேல் ஓரத்தில் மறைவாக இருப்பதால் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். கிராபிக்ஸ் கார்டின் (படத்தைத் திரைக்கு அனுப்பும் பாகம்) 8 பின் கேபிளும் பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் அது வேறு. வலுக்கட்டாயமாக நுழைக்காதீர்கள்.

எல்லாம் ஓடுகிறது, திரை மட்டும் இருட்டு. அதிகம் பேர் மாட்டுவது இங்கேதான், பயந்து பணத்தை விடுவதும் இங்கேதான். வரிசையாகப் பாருங்கள்.

திரையின் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் மாட்டியிருக்கிறதா, மதர்போர்டிலா? கார்டு இருந்தால் கார்டில்தான் மாட்ட வேண்டும். கார்டு இல்லாமல் பூட்டியிருந்தால், உங்கள் சிபியுவில் கிராபிக்ஸ் உண்டா என்று பாருங்கள். இன்டெலில் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் இல்லை. ஏஎம்டி ரைசன் 5000 வரிசையில் 'ஜி' இல்லாதவற்றில் இல்லை. அப்படிப்பட்ட சிபியுவை வைத்துக்கொண்டு போர்டின் எச்டிஎம்ஐ துளையில் எத்தனை நாள் பார்த்தாலும் படம் வராது.

ரேமுக்கு நான்கு துளை உள்ள போர்டில் இரண்டு ரேம் என்றால், பெரும்பாலும் சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான். போர்டில் ஏ2, பி2 என்று எழுதியிருக்கும். ஒன்றை மட்டும் ஏ2வில் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை.

புது ரைசன் 7000, 9000 வரிசையும் டிடிஆர்5 ரேமும் என்றால் பொறுமை வேண்டும். முதல் முறை ஓடும்போது போர்டு ரேமோடு தன்னை ஒத்துப்போகச் செய்துகொள்ளும். அந்த நேரம் முழுக்கத் திரை இருட்டாகவே இருக்கும். சில நிமிடம் ஆகும், ரேம் பெரியது என்றால் பத்து நிமிடத்தைத் தாண்டுவதும் உண்டு. எங்கள் தெருவில் ஒரு தங்கச்சி இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அணைத்து அணைத்துப் போட்டு, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அழுதுவிட்டாள். நான் செய்த வேலை, போட்டுவிட்டு அவள் அம்மாவோடு தேநீர் குடித்ததுதான். குடித்து முடிப்பதற்குள் திரை வந்துவிட்டது. பதினைந்து நிமிடம் தொடாமல் விடுங்கள்.

இப்போதைய போர்டுகள் பலவற்றில் ஓரத்தில் நான்கு சின்ன விளக்குகள் உண்டு: சிபியு, ரேம், கிராபிக்ஸ், பூட். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் தேட வேண்டும். சிபியு விளக்கு நின்றால், போர்டின் பயோஸ் (கணினியைத் தொடக்கும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) பழையதாக இருக்கலாம். பி450 போர்டில் ரைசன் 5000 போட்டாலும், கிடங்கில் நாள்பட்ட பி650 போர்டில் ரைசன் 9000 போட்டாலும் இது நடக்கும். பாகம் இரண்டும் நல்லவை, ஒன்றை ஒன்று அறியாது, அவ்வளவுதான். போர்டின் பின்பக்கத்தில் பயோஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் இருந்தால், ஃபேட்32 முறையில் அமைத்த யூஎஸ்பியில் புதுப் பயோஸை வைத்து, புத்தகத்தில் சொன்ன பெயரைக் கொடுத்து, வீட்டிலேயே ஏற்றலாம். நடுவில் மின்சாரம் போகக் கூடாது. சாயங்கால இடிமழை நேரத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள், காலையில் செய்யுங்கள். பொத்தான் இல்லாத போர்டு என்றால், பயோஸ் ஏற்ற ஒரு பழைய சிபியு தேவை. மாற்றுப் பாகக் கதை மறுபடி வந்துவிட்டது, கடைக்குப் போங்கள்.

கடைசியாக, பிளக்கைப் பிடுங்கி, போர்டிலுள்ள நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி, ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். பயோஸ் பழைய நிலைக்குத் திரும்பும். ரேம் வேகத்தைக் கூட்டி வைத்ததால் வந்த இருட்டு இதில் தீர்ந்துவிடும்.

திரை வருகிறது, விண்டோஸ் வரவில்லை. இதற்குக் கடைக்குப் போகவே வேண்டாம். பயோஸுக்குள் போய் எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்) தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் விண்டோஸ் ஏற்ற யூஎஸ்பி தயாரிப்பதுதான் மிச்ச வேலை. தெரியாவிட்டால் எம்.2 துளையில் சரியாக அமுக்கி மாட்டினீர்களா என்று பாருங்கள்.

வீட்டில் பார்ப்பதன் மறைவான செலவு இரண்டு. ஒன்று நாள். கெடு ஓடிக்கொண்டே இருக்கும், நமக்குத் தெரியாது. மற்றது, கழற்றிக் கழற்றி மாட்டுவதில் வரும் சேதம். ஏஎம்4 வகை (ரைசன் 5000 போன்றவை) சிபியுவின் கால்கள் அதன் அடியில் இருக்கும். குளிர்விப்பானை நேராக இழுத்தால் பசையோடு ஒட்டிக்கொண்டு சிபியுவும் பிய்ந்து வரும், கால் வளையும். மெல்லத் திருகி எடுக்க வேண்டும். ஏஎம்5 (ரைசன் 7000, 9000), இன்டெல் போர்டுகளில் அந்தக் கால்கள் போர்டில் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் வாரண்டி கேட்டு வாயைத் திறக்க முடியாது. ஆகவே சிபியுவைக் கழற்றுவதை நான் கடைசிக்குத்தான் வைப்பேன். இரவல் பவர் சப்ளை எடுத்தால் அதன் கேபிளையும் சேர்த்து எடுங்கள். கழற்றி மாட்டும் வகை பவர் சப்ளைகளின் கேபிள்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பார்க்க ஒன்றுபோல இருக்கும், பெட்டிப் பக்கத்து முனையில் ஒயர் வரிசை வேறு. அப்படி மாற்றி மாட்டி ஒரு நல்ல ஹார்ட் டிஸ்க்கை நானே எரித்திருக்கிறேன்.

மேலே சொன்னதை ஒரு சுற்று பார்த்து முடித்த பிறகும் ஓடவில்லை, கையில் மாற்றுப் பாகமும் இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் அதே பாகங்களை நூறு முறை கழற்றி மாட்டினாலும் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை.

## பட்டணத்துக் கடை

சுங்கை சிப்புட்டில் ஒன்றிரண்டு கடை, இல்லாவிட்டால் அரை மணி நேர ஓட்டத்தில் ஈப்போ. இங்கே கிடைக்கும் பெரிய நன்மை ஏற்கெனவே சொன்ன அலமாரிதான். நல்ல கடையில் எந்தப் பாகம் கெட்டது என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். நான் கடைசியாகக் கொடுத்த பார்ப்புக் கூலி 40 வெள்ளி. அது நியாயமான காசு.

மறைவான செலவுகள் உண்டு. வெளியே வாங்கிய பாகங்களைக் கொண்டுபோனால் சில கடைகளில் கடைசி வரிசையில் வைத்துவிடுவார்கள், ஒரு வாரம் அங்கேயே கிடக்கும். அந்த ஒரு வாரமும் கெடுவில் கழிகிறது. இன்னொன்று, நண்பர் ஒருவரின் கணினியில் ஒரு கடையில் "பவர் சப்ளை போச்சு" என்று சொல்லிப் புதிது மாட்டி 260 வெள்ளி வாங்கினார்கள். பழையதைக் கேட்டு வாங்கி என் வீட்டில் மாட்டினேன். அது இன்றும் ஓடுகிறது. ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லமாட்டேன், அவசரத்தில் தவறாகக் கணித்திருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து எல்லோருக்கும் சொல்கிறேன்: கொடுக்கும்போதே கடை முதலாளியிடம், "தவுக்கே, கண்டுபிடிக்க மட்டும்தான் கொடுக்கிறேன். எது கெட்டது என்று சொல்லுங்கள், என்னைக் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம்" என்று பேசிவிடுங்கள். முடிந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். பாகங்களின் எண்களைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு போங்கள்.

இதே கடையில்தான் பாகங்களை வாங்கினீர்கள் என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், முதல் மணி நேரத்துக்குப் பிறகு நேரே தூக்கிக்கொண்டு போங்கள். ஆன்லைனைவிட 100, 150 வெள்ளி கூடக் கொடுத்தது இந்த நாளுக்காகத்தான். சிபியு விளக்கு நிற்கும் கணினி, பயோஸ் ஏற்றப் பொத்தான் இல்லாத போர்டு, எது கெட்டது என்று இரண்டு பாகங்களுக்கு நடுவே தடுமாறும் நிலை, இவற்றுக்கும் கடைதான் சரி.

## விற்றவருக்கே திருப்பி அனுப்புவது

எந்தப் பாகம் கெட்டது என்று உறுதியாகத் தெரிந்தால், கெடுவும் மிச்சம் இருந்தால், எனக்கு இதுதான் முதல் தேர்வு. பணச் செலவு குறைவு, வாரண்டிக்கும் ஆபத்து இல்லை.

உறுதியாகத் தெரியாமல் அனுப்புவதுதான் பெரிய நஷ்டம். ரேம் கெட்டது என்று நினைத்து ரேமை அனுப்பி, பத்து நாள் காத்திருந்து, "நாங்கள் சோதித்ததில் நன்றாக ஓடுகிறது" என்று அதே ரேம் திரும்பி வந்தால் கூரியர் காசும் போச்சு, மற்ற பாகங்களின் கெடுவும் போச்சு. ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு விற்பனையாளரிடம் வாங்கியது என்றால் இந்த ஆபத்து இரட்டிப்பு. ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார். அடுத்த முறை வாங்கும்போது மதர்போர்டு, சிபியு, ரேம் மூன்றையுமாவது ஒரே இடத்தில் வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சில வேலைகளைப் பொருள் வந்த அன்றே செய்ய வேண்டும். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். கணினி ஓடிப் பார்க்கும்வரை, வாங்கிய ஆன்லைன் கடையின் கைப்பேசிச் செயலியில் 'பொருள் கிடைத்துவிட்டது' என்னும் பொத்தானை அழுத்தாதீர்கள். அழுத்தினால் பணம் விற்பனையாளர் கைக்குப் போய்விடும். பெட்டி, நுரை, பை எதையும் வீசாதீர்கள். மதர்போர்டின் சிபியு துளைமேல் வந்த பிளாஸ்டிக் மூடியை முக்கியமாக வையுங்கள். அனுப்பும்போது அதை மாட்டித்தான் அனுப்ப வேண்டும். மாட்டுவதற்கு முன் உள்ளே உள்ள கால்களை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துவையுங்கள். வழியில் வளைந்தால் உங்கள் தலையில் கட்டிவிடக் கூடாது அல்லவா?

பெட்டியோடு வரும் இன்டெல், ஏஎம்டி சிபியுகளுக்கு நிறுவனமே மூன்று ஆண்டு வாரண்டி தருகிறது. பெட்டி இல்லாமல் விலை குறைத்து விற்கும் 'டிரே' சிபியுவுக்கு விற்றவர்தான் பொறுப்பு. அவர் கடையை மூடிவிட்டால் யாரும் இல்லை.

விற்றவர் இழுத்தடித்தால் பயந்து விட்டுவிடாதீர்கள். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நமக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா என்பார்கள். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளிவரை வழக்கு கொண்டுபோகலாம், வழக்கறிஞர் வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. இதைத் தெரியாமலே எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகள் 400, 500 வெள்ளியைத் தலைமுழுகியிருக்கிறார்கள். ரசீது, உரையாடல், வீடியோ மூன்றும் கையில் இருந்தால் போதும், நம்பிக்கையோடு போகலாம்.

## கோலாலம்பூர் பயணம்

கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் கிடைக்காத பாகம் அபூர்வம், உண்மைதான். ஆனால் இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். எண்ணெய், டோல், சாப்பாடு, ஒரு நாள் சம்பளம் எல்லாம் போட்டால் நல்ல தொகை ஆகிவிடும். பாகங்களை அங்கேதான் வாங்கினீர்கள் என்றாலோ, எப்படியும் அந்தப் பக்கம் போகும் வேலை இருந்தாலோ மட்டும் போங்கள். போன் போட்டுப் பேசிவிட்டுப் போங்கள். காரில் வைக்கும்போது கனமான கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாக வையுங்கள். குலுக்கலில் அதன் துளையே உடையும்.

## ஒரே பார்வையில்

| | வீட்டில் | பட்டணத்துக் கடை | திருப்பி அனுப்புவது | கோலாலம்பூர் |
|---|---|---|---|---|
| மாற்றுப் பாகம் | இரவல் கிடைத்தால் உண்டு | உண்டு | தேவையில்லை | நிறைய உண்டு |
| கைச்செலவு | ஏறக்குறைய இல்லை | பார்ப்புக் கூலி | கூரியர் | ஒரு நாளும் பயணச் செலவும் |
| மறைவான செலவு | கெடு கரைவது, கால் வளைவது | தேவையில்லாமல் பாகம் மாற்றுவது | தவறான பாகத்தை அனுப்புவது | வெறுங்கையோடு திரும்புவது |
| எடுக்கும் காலம் | ஒரு மணி முதல் ஒரு நாள் | ஒரு நாள் முதல் ஒரு வாரம் | வாரக்கணக்கு | ஒரு நாள் |
| வாரண்டி ஆபத்து | சிபியுவைக் கழற்றினால் அதிகம் | குறைவு | இல்லை | குறைவு |
| பொருந்தும் நிலை | பூட்டியதில் பிசகு, விண்டோஸ் வராதது | எது கெட்டது என்று புரியாதது | கெட்ட பாகம் உறுதியானது | அங்கேயே வாங்கியது |

இரண்டை இணைப்பதும் உண்டு. எனக்குப் பிடித்த வழியும் அதுதான்: முதல் மணி நேரம் வீட்டில், பிறகு கடையில் கண்டுபிடிக்க மட்டும் கூலி கொடுத்து, கெட்டது எது என்று தெரிந்ததும் அந்த ஒன்றை மட்டும் விற்றவருக்கு அனுப்புவது. கெடுவுக்கு நான்கைந்து நாள்தான் மிச்சம் என்றால் வரிசையை மாற்றுங்கள். அன்றைக்கே செயலியில் திருப்பி அனுப்பும் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள். பாகம் நல்லது என்று தெரிந்தால் விண்ணப்பத்தை ரத்து செய்துகொள்ளலாம், கெடு முடிந்தபின் புதிதாகப் போட முடியாது.

## மாற்றுப் பாகம் இல்லாத ஊரில்

மாற்றுப் பாகம் இல்லை என்பதுதான் நம்மைப் போன்ற ஊர்களின் குறை என்றால், அதைச் சேர்த்து வைக்கலாமே என்று இரண்டு ஆண்டுக்கு முன் தோன்றியது. ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, பழைய கணினிகளிலிருந்து எடுத்ததையும் சேர்த்து, என் வீட்டில் ஒரு பெரிய பிஸ்கட் டின்னும் ஒரு அட்டைப்பெட்டியும் இருக்கின்றன. டிடிஆர்4 ரேம் ஒன்று, டிடிஆர்5 ஒன்று. இரண்டும் ஒன்றின் துளையில் ஒன்று போகாது, ஆகவே இரண்டுமே வேண்டும். கேபிளோடு சேர்த்துக் கட்டி வைத்த பவர் சப்ளை ஒன்று. வெளிக் கேபிள் கேட்காத பழைய சின்ன கிராபிக்ஸ் கார்டு, பேட்டரிகள், போர்டில் மாட்டினால் 'பீப்' என்று கத்தும் குட்டி ஸ்பீக்கர், எச்டிஎம்ஐ கேபிள் இரண்டு. மொத்தமும் 300 வெள்ளிக்குள் அடங்கிவிட்டது. ஒரு நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம், ஒரு வாரத்தில் திருப்பித் தர வேண்டும். இந்த டின் வந்த பிறகு "வீட்டில் பார்" என்று நான் சொல்லும் தடவைகள் கூடியிருக்கின்றன.

இப்போது டிடிஆர்5 ரேம் தோட்டத்துத் தம்பி ஒருவரிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவார். அவருக்கு அடுத்து நோட்டில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன.